சுமை தாங்கும் கூடை

ஒயர் கூடைக்கு மறுபடியும் காலம் வந்திருக்கிறது. அம்மா தலைமுறையில் மதியச் சாப்பாட்டுக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் ஒயர் கூடைதான். கேரி பேக் வந்து அதைப் பரணில் ஏற்றியது. 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை போட்டது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இப்போது கல்யாணத் தாம்பூலத்துக்கே குட்டிக் கூடை கேட்டு வருகிறார்கள். என்னிடம் பின்னக் கற்றுக்கொள்பவர்களில் கல்லூரிப் பெண்கள்தான் அதிகம்.

ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடையிலிருந்து வீடு வந்ததும் குப்பைக்குப் போகிற பையும், வருஷக்கணக்கில் உழைக்கிற கூடையும் ஒன்றல்ல. ஆனால் ஆறே மாதத்தில் பிடி அறுந்தால் கூடையும் குப்பைதான். அதனால்தான் சுமை தாங்குமா என்பதில் நான் கறாராக இருக்கிறேன்.

வந்தவுடனே, “அக்கா, சிவன் கண் பின்னல் சொல்லிக் கொடுங்க” என்பார்கள். நெல்லிக்காய் மேலும் ஆசை. நெல்லிக்காய் முடிச்சு பருமனாக, பார்க்க அழகாக நிற்கும். ஒயரையும் நிறையத் தின்னும். முதல் கூடைக்குச் சாதா முடிச்சே போதும். வெட்டி வைத்த ஒயரை மடக்கி ஒரு வளையம் விடுங்கள். கட்டிலிருந்து வெட்டாமல் ஓடிவரும் ரன்னிங் ஒயரை அதைச் சுற்றிக் கொண்டுவந்து வளையத்துக்குள் நுழையுங்கள். பிறகு நாலு முனையையும் மாற்றி மாற்றி, ஒரே சீராக இழுக்க வேண்டும். முடிச்சு சின்னச் சதுரமாக உட்காரும். ஒரு முனையை மட்டும் வெடுக்கென்று இழுத்தால் கோணிக்கொள்ளும். அந்தக் கோணல் வரிசை முழுக்கத் தொடரும். விரல் நகத்தால் நெம்பிப் பாருங்கள், அசையக்கூடாது.

ஒயர் எத்தனை அடி வெட்டுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். யாரோ சொன்ன அளவை அப்படியே எடுக்காதீர்கள். இறுக்கிப் பின்னுகிறவர் கைக்கு ஒரு அளவு, தளர்த்திப் பின்னுகிறவர் கைக்கு வேறு அளவு. பத்து முடிச்சு போட்டு, எவ்வளவு ஒயர் இழுத்தது என்று அளந்தால் உங்கள் கணக்கு கிடைத்துவிடும். முடிப்பதற்கென்று இரண்டு சாண் கூடுதலாக விடுங்கள். ஒயர் வாங்கும்போது ஒரு முனையை மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக்கோடு விழுந்தால் அந்தக் கட்டை வைத்துவிட்டு வேறு கேளுங்கள்.

அடிப்பாகத்தை முடித்து மேலே திரும்பும் இடத்தில் அவசரம் வேண்டாம். நாலு மூலையிலும் இறுக்கம் ஒன்றாக இருந்தால்தான் கூடை தரையில் ஆடாமல் நிற்கும்.

கூடையின் உயிர் பிடியில்தான் இருக்கிறது. பலர் மேல் வரிசையில் மட்டும் ஒயரைக் கோத்துப் பிடி போட்டுவிடுகிறார்கள். மொத்தப் பாரமும் அந்த இரண்டு மூன்று முடிச்சின் தலையில் விழுகிறது. பிடி ஒயரை நாலைந்து வரிசை கீழே இறக்கிக் கோத்து மேலே கொண்டுவாருங்கள். இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரே எண்ணிக்கை முடிச்சு தள்ளிப் போட்டால் ஒரு பக்கம் சாயாது. பிடியின் உள்ளே ஒயர்களைக் கற்றையாக வைத்துச் சுற்றுங்கள். பிடி மெலிந்திருந்தால் கையை அறுக்கும். மிச்ச முனைகளை உள்பக்கமாக இரண்டு மூன்று முடிச்சுக்குள் நுழைத்து, குறடால் இழுத்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஒட்ட வெட்டினால் நாளடைவில் உருவிக்கொள்ளும்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒயர் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உட்கார்ந்து பின்னிய நேரத்துக்கும் கூலி சேருங்கள். “அம்மா காலத்துல இது வீட்டிலேயே பின்னினதுதானே” என்று பேரம் பேச வருவார்கள். ஐந்து கிலோ அரிசியைக் கூடையில் வைத்து அவர்கள் கையிலேயே கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். அப்படியும் விலை கட்டாது என்றால் ஒரு அளவு சின்னதாகப் பின்னிக் கொடுங்கள். பிடியில் மட்டும் ஒயரைக் குறைக்காதீர்கள்.