சீமா சம்பவக் கற்கைப் பரீட்சை: தெரிந்ததை அல்ல, கேட்டதை எழுதுவோம்



உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்த நம் பிள்ளைகள் பலர் சீமா எனப்படும் முகாமைக் கணக்கீட்டுப் படிப்பில் சேர்கிறார்கள். எமது கல்விப் பிரிவுக்கு வரும் மாணவர்களிடம் ஒரு விடயத்தை அடிக்கடி கேட்கிறோம்: "மூன்று பாடமும் முதல் தடவையிலேயே சித்தி. கேஸ் ஸ்டடியில்தான் விழுந்துவிட்டேன்." இரண்டாவது தடவையும் விழுந்தால் கட்டணச் சுமை ஒருபுறம், மனச்சோர்வு மறுபுறம். சிலர் படிப்பையே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

பரீட்சையின் அமைப்பு

சீமாவின் தொழில்சார் பகுதியில் செயற்பாடு, முகாமை, மூலோபாயம் என மூன்று மட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு மட்டத்திலும் மூன்று பாடங்களுக்குப் பின் ஒரு சம்பவக் கற்கைப் பரீட்சை வரும். பெப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என வருடத்தில் நான்கு தடவைகள் இது நடைபெறுகிறது. கணினியில் மூன்று மணித்தியாலம் எழுத வேண்டும். 150க்கு 80 எடுத்தால் சித்தி.

ஒரு கற்பனைக் கம்பனியைப் பற்றிய முன்தகவல் ஆவணம் பரீட்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பே வெளியாகும். பரீட்சை மண்டபத்தில் நீங்கள் அந்தக் கம்பனியின் நிதிப் பிரிவு ஊழியர். செயற்பாட்டு மட்டத்தில் நிதி அலுவலர், அடுத்து நிதி முகாமையாளர், கடைசியில் சிரேஷ்ட நிதி முகாமையாளர். உங்கள் மேலதிகாரி மின்னஞ்சலில் ஒன்றைக் கேட்பார். அதற்கான பதிலே உங்கள் விடை.

எங்கே தவறுகிறோம்?

சிறு வயதிலிருந்து பாடமாக்கிப் பழகியவர்கள் நாம். கேள்வியில் பழக்கமான ஒரு சொல்லைக் கண்டதும் அதைப் பற்றித் தெரிந்த அனைத்தையும் கொட்டிவிடுகிறோம். இந்தப் பரீட்சையில் அதற்குப் புள்ளி மிகக் குறைவு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் ஆடைத் தொழிற்சாலை மீற்றர் 500 ரூபா வீதம் 10,000 மீற்றர் துணி தேவைப்படும் எனத் திட்டமிட்டது. கொள்வனவு முகாமையாளர் 520 ரூபாவுக்குத் தரமான துணி வாங்கினார். செலவானது 9,500 மீற்றர் மட்டுமே. விலை முரண் 190,000 ரூபா பாதகம். பாவனை முரண் 250,000 ரூபா சாதகம். "விலை கூடிவிட்டதே, கொள்வனவுப் பிரிவு தவறு செய்ததா?" என்று மேலதிகாரி கேட்கிறார்.

முரண் என்றால் என்ன, அதன் சூத்திரம் என்ன என்று அரைப் பக்கம் எழுதுபவர் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. "கூடிய விலைக்கு வாங்கினாலும் துணி வீணாவது குறைந்ததால் மொத்தத்தில் 60,000 ரூபா மிச்சம். விலையை மட்டும் வைத்துக் கொள்வனவுப் பிரிவைக் குறை கூற முடியாது. ஆனால் பாவனை குறைந்ததற்குத் துணியின் தரம்தான் காரணமா, தொழிலாளரின் திறமையா என்று உற்பத்திப் பிரிவிடம் உறுதிசெய்ய வேண்டும்" என்று எழுதுபவரே சித்தியடைவார். கணக்கு ஒன்றுதான். ஆனால் இவர் கேட்டவருக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

தயாராகும் முறை

1. முன்தகவல் ஆவணத்தைப் பாடமாக்க வேண்டாம். கம்பனி எதை விற்கிறது, யாருக்கு விற்கிறது, பணம் எங்கே முடங்குகிறது, போட்டியாளர் யார் என்று ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதே துறையிலுள்ள உண்மையான கம்பனி ஒன்றின் ஆண்டறிக்கையையும் வாசியுங்கள்.

2. மூன்று பாடங்களையும் மறக்காமல் மீட்டுங்கள். ஒரே கேள்வியில் மூன்றும் கலந்து வரும்.

3. பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துக் கணினியில் தட்டச்சு செய்து பழகுங்கள். வாசித்தால் மட்டும் போதாது. பின்னர் மாதிரி விடைகளோடும் பரீட்சகர் அறிக்கைகளோடும் ஒப்பிடுங்கள்.

4. நேரத்தைப் பேணுங்கள். செயற்பாடு, முகாமை மட்டங்களில் ஒரு பணிக்கு 45 நிமிடம். நேரம் முடிந்தால் பின்னோக்கிச் செல்ல முடியாது. முதல் பத்து நிமிடத்தை வாசிக்கவும் திட்டமிடவும் ஒதுக்குங்கள். கேள்வியின் ஒவ்வொரு பகுதிக்கும் சிறு தலைப்பு இடுங்கள். எந்தப் பகுதியையும் வெறுமையாக விடாதீர்கள்.

5. ஒவ்வொரு கருத்தின் பின்னும் "அதனால் இந்தக் கம்பனிக்கு என்ன?" என்று உங்களையே கேளுங்கள். அதற்கான பதிலையும் ஒரு வசனமாக எழுதுங்கள்.

6. தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் ஆங்கிலத்துக்கு அஞ்ச வேண்டாம். அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. சிறிய, தெளிவான வசனங்கள் போதும். தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள்.

பெற்றோருக்கு

வாப்பாமார், உம்மாமாரிடம் ஒரு வேண்டுகோள். முன்தகவல் ஆவணம் வந்த பின்னரான வாரங்களில் பிள்ளைக்கு வீட்டில் அமைதியான இரண்டு மணித்தியாலம் கிடைக்கச் செய்யுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. அந்த நேரத்தில் சமையலறை வேலை காத்திருக்கட்டும். விழுந்த பிள்ளையிடம் "அடுத்த வீட்டுப் பிள்ளை பாஸாகிவிட்டதே" என்று சொல்லாதீர்கள். விழுந்தது திறமையின்மையால் அல்ல, விடை எழுதும் முறையால் என்றால் அதை மூன்று மாதத்தில் திருத்தலாம்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்றும் அது பணிக்கிறது. கணக்கு எழுதுவது ஓர் அமானிதம். மேலதிகாரி விரும்பும் பதிலை அல்ல, உண்மையான பதிலைச் சொல்லும் கணக்காளரையே இந்தப் பரீட்சையும் தேடுகிறது.

நம் பிள்ளைகள் நேர்மையான கணக்காளர்களாக உருவாக அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.