தண்டியடிகள் பற்றிய கயிறு

உறுப்புக் குறையுடையாரை நோக்கி, 'இது நின் பழவினை' எனக் கூறி அகல்வார் உளர். வினைக்கீடாக உடல் வருமென்பது சித்தாந்தமே. அவ்வுடல், ஆணவ இருளினின்றும் உயிரை மீட்கத் திருவருளால் தரப்பட்டதென்பதும் அச்சித்தாந்தமேயன்றோ? கண் தானே காணாது. உயிர் காட்டக் காணும். உயிரும் சிவம் காட்டாதவழி அறியாது. ஆகலின் காட்டுவானை வேண்டி நிற்றல் கண்ணுடையார்க்கும் இல்லார்க்கும் ஒக்கும்.

திருவாரூரிற் பிறவியிலேயே கண்ணிலராய்த் தோன்றிய தண்டியடிகள், பார்வை பெற்றபின் தொண்டு செய்யப் புகுந்தாரல்லர். குளத்தினுள்ளும் கரையினும் தறி நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தாரென்று பெரியபுராணம் கூறும். கண் பெற்றது அதன் பின்னரே. அவர்தம் நம்பிக்கை ஆறுதலளவில் நில்லாது தொண்டாக விளைந்தது. அதற்குக் கயிறும் வேண்டியிருந்தது.

தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலைமேல் எழுந்தருளிய தீர்த்தகிரீசுவரரை, படியேற மாட்டாது அடிவாரத்தினின்றே தொழுவாரும் அடியாரே. அன்னார் பத்தியை வியந்தமைதல் போதாது. திருக்கோயில்கள்தோறும் இயன்றவிடத்துச் சாய்தளமும் கைப்பிடியும் அமைத்தல் வேண்டும். பொதுவிடங்கள் அனைவரும் அணுகத்தக்கனவாதல் வேண்டுமென 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் விதிக்கின்றது. நமக்கோ அது சிவத்தொண்டென்பது எம் துணிபு. வினையை அளந்து ஊட்டுவான் இறைவன். கயிறு கட்டுதல் நம் கடன்.