சட்னி ஜாரில் அரைக்கும் முறை

மிக்ஸியோடு வரும் ஜார்களில் அன்றாடம் ஓயாமல் உழைப்பது சின்ன ஜார்தான். சட்னி ஜார் எனப்படும் இதில் ஏறத்தாழ 300 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். காலை டிபனும் மதியத்துக்கு டப்பாவும் ஒரே நேரத்தில் தயாராகும் வீட்டில் இது நான்கைந்து முறை மோட்டார் மேல் ஏறி இறங்கும். அதனால் எதை முதலில் அரைப்பது என்று அடுப்பு பற்றவைக்கும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும்.

மிளகு, சீரகம் போன்ற உலர்ந்தவை முதலில். ஈர ஜாரில் பொடி அடியில் அப்பிக்கொள்ளும். அடுத்து தேங்காய்ச் சட்னி, அதன் பிறகு காரச் சட்னி, கடைசியில் இஞ்சி பூண்டு. பூண்டு வாடை மூடியின் ரப்பரில் ஏறிவிட்டால் ஒரு கழுவலில் போகாது. இந்த வரிசையில் அரைத்தால் நடுவில் சோப்புப் போட்டுத் துலக்க வேண்டியதில்லை. ஓர் அலசல் போதும்.

பிளேடு மூடும் அளவுக்காவது பொருள் இருக்க வேண்டும். முக்கால் ஜாருக்கு மேல் போகக் கூடாது. நாலு மிளகு, ஒரு ஏலக்காய்க்கு இடிகல்லே சரி.

பெரும்பாலானோர் தடுமாறுவது தேங்காய்ச் சட்னியில். தேங்காய்த் துண்டுகளைப் போட்டு, எடுத்த எடுப்பிலேயே அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். துண்டுகள் தண்ணீரில் மிதந்து பிளேடுக்கு எட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் சட்னி நீர்த்துப்போய், நடுநடுவே பல்லில் தேங்காய் சிக்கும். இதற்கு வேகத்தைக் கூட்டுவது மருந்தல்ல. தேங்காயைத் துருவியோ, நகக்கண் அளவுக்கு நறுக்கியோ, பச்சை மிளகாய், பொட்டுக்கடலை, உப்புடன் முதலில் தண்ணீரில்லாமல் போட வேண்டும். பொட்டுக்கடலை தேங்காயில் கால் பங்கைத் தாண்டினால் சட்னி பசைபோல் ஆகிவிடும். மிக்ஸியின் வேகத் திருகை இடப்பக்கம், பல்ஸ் நிலைக்குத் திருப்பி, இரண்டு நொடி ஓட்டி விட்டுவிட்டு, இப்படி ஐந்தாறு முறை செய்தால் தேங்காய் ரவைபோல் உடையும். மூடியைத் திறந்து, சுவரில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்துப் பிளேடு பக்கம் தள்ள வேண்டும். பிறகுதான் தண்ணீர், அதுவும் இரண்டு மேசைக்கரண்டி. முதல் வேகத்தில் சில நொடி, அடுத்து இரண்டாம் வேகம்.

இந்தக் கட்டத்தில் காதுதான் வேலை செய்ய வேண்டும். சத்தம் திடீரென லேசாகி, வெற்று ஜார் ஓடுவதுபோல் கேட்டால், விழுது சுவரோடு ஒதுங்கி, பிளேடு காற்றில் சுற்றுகிறது என்று பொருள். மேற்கொண்டு ஓட்டினால் மோட்டார் சூடாவதுதான் மிச்சம். நிறுத்தி, வழித்து, ஒரு கரண்டி தண்ணீர் விட்டுத் தொடர வேண்டும். சத்தம் கனத்து இழுத்தால் விழுது கெட்டி. அதற்கும் ஒரு கரண்டி தண்ணீர்தான். வேண்டிய பதம் வந்ததும் கிண்ணத்துக்கு மாற்றி, ஜாரை அலசிய தண்ணீரை ஊற்றியே சட்னியைத் தளர்த்திக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜில் வைத்த தேங்காய்க்கு வெதுவெதுப்பான தண்ணீர் சேர்ப்பதே நல்லது. குளிர்ச்சியில் எண்ணெய்ப் பசை உறைந்து, சட்னியில் திப்பி திப்பியாக நிற்கும்.

காரச் சட்னியில் கவலை வேறு. வதக்கிய வெங்காயமும் தக்காளியும் சூட்டோடு ஜாருக்குள் போனால், அடைபட்ட ஆவி மூடியைத் தூக்கி எறியும். கொதிக்கும் விழுது முகத்திலும் கையிலும் தெறிக்கும். மூடியைக் கையால் அழுத்திப் பிடிப்பது இதற்குக் காப்பல்ல. இட்லி ஊற்றும் முன்பே வதக்கி, அகலமான தட்டில் பரப்பி, விசிறிக்கடியில் வைத்தால், இட்லி வேகும் நேரத்தில் ஆறிவிடும்.

அரைத்துக்கொண்டிருக்கும்போதே மிக்ஸி நின்றுவிட்டால் பழுது என்று பதறத் தேவையில்லை. பாரம் கூடினால் மோட்டார் எரியாதிருக்க ஓவர்லோடு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, சில நிமிடம் ஆறவிட்டு, அடிப்பக்கம் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். சுற்றுவது முழுதாக நிற்கும் முன் ஜாரைத் தூக்கவே கூடாது. ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரின் பற்கள் தேய்வது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான். ஒட்டியதை எடுக்க ஜாருக்குள் விரல் விடவும் கூடாது.

கழுவுவதற்கு அரை ஜார் தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டுப் பத்து நொடி ஓட்டினால் போதும். மூடி ரப்பரைக் கழற்றித் துடைத்து, ஜாரைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டால் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்குள் நீர் இறங்கும். ஜாரின் அடியில் கறுப்பாக எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அதில் அரைப்பதை அன்றே நிறுத்திவிட்டு, புஷ்ஷை மாற்றக் கொடுக்க வேண்டும். நாலு பேருக்கு மேல் சாப்பிடும் வீட்டில் இரண்டாவது சட்னி ஜார் கட்டாயம் வேண்டும். கப்ளரின் அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், வாங்கப் போகும்போது பழைய ஜாரைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்தே எடுக்க வேண்டும்.