தொட்டிக்குப் பத்து வருடம், போர்டுக்கு இரண்டு

ஆறு வருடம்கூட ஓடாத டிஷ்வாஷரை மாற்றிவிட்டோம். "நான் வாங்கின மிக்சி இன்னும் ஓடிக்கிட்டிருக்கு" என்றார் என் மாமியார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் மெஷினுக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

2020 லாக்டவுனில் வாங்கியது. வேலைக்கு வரும் அக்கா வர முடியாமல், மூன்று வேளைப் பத்துப் பாத்திரமும் சின்க்கில் குவிந்த காலம். சென்னையில் பல சமையலறைகளுக்குள் டிஷ்வாஷர் முதன்முதலாக நுழைந்ததும் அப்போதுதான். எங்களுடையது வேளச்சேரி பக்கம் ஒரு அபார்ட்மென்ட். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்து வரும். இரண்டு வருட வாரண்டி முடிந்த பிறகும் மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு ஒருநாள் கதவைத் திறந்தால் தட்டெல்லாம் சில்லென்று இருந்தது. குழம்புப் பிசுக்கு அப்படியே ஒட்டியிருக்க, சோப்பு மாத்திரை பாதி கரைந்து மூலையில் கிடந்தது. தண்ணீர் ஏறுகிறது, சுழல்கிறது, இறங்குகிறது, ஆனால் சூடாகவில்லை. சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த பையன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான்.

"ஹீட்டர் நல்லா இருக்கு மேடம். போர்டு போயிடுச்சு. புது போர்டு 14,500, ஜிஎஸ்டி தனி."

"போர்டுல எது போச்சோ அதை மட்டும் மாத்த முடியாதா தம்பி?"

"கம்பெனில அப்படிப் பண்ண மாட்டோம். போர்டாவே மாத்திடுவோம்." கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி, "ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒருதடவை காட்டிப் பாருங்க மேடம்" என்றான்.

காட்டினோம். மவுண்ட் ரோடை ஒட்டிய அந்தச் சந்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை. கடைக்கார அண்ணன் போர்டைத் திருப்பி, விளக்குப் பொருத்திய லென்ஸுக்கு அடியில் வைத்துக் காட்டினார். ஒரு ரிலேயின் கால்கள் இறங்கும் இடத்தில் மட்டும் போர்டு நக அளவுக்குப் பழுப்பேறியிருந்தது. ஈயப் பற்றைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளைய விரிசல். அவ்வளவுதான் மொத்தக் கோளாறும்.

ஹீட்டர் ஏறக்குறைய 2000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கரண்டை ஒவ்வொரு கழுவலிலும் போட்டு நிறுத்துவது ரிலே என்ற அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டிதான். சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி, ஈயப் பற்று கடைசியில் விட்டுப்போகிறது. அண்ணன் கொஞ்சம் கூடுதல் கரண்ட் தாங்கும் ரிலேயைப் போட்டு, ஈயத்தைத் தாராளமாக வைத்து, மேலே ஒரு பூச்சும் பூசிக் கொடுத்தார். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

கம்பெனியைத் திட்டத் தோன்றும். முழுக்கத் திட்டவும் முடியாது. தண்ணீரும் 230 வோல்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் மெஷினில், வீட்டு வாசலில் உட்கார்ந்து ஈயம் வைத்த போர்டுக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பொறுப்பின் விலையை நம் தலையில் கட்டுகிறார்கள் என்பதும் நிஜம். சில மெஷின்களில் போர்டு முழுவதும் ரெசின் ஊற்றி மூடப்பட்டிருக்கும். ஈரமும் கரப்பானும் அண்டாது என்பது லாபம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாரும் தொட முடியாது என்பது நஷ்டம்.

அதன்பின் மெஷின் நன்றாகவே ஓடியது. அடுத்து வந்ததுதான் அதை வழியனுப்பிய கோளாறு. ஸ்விட்ச் போட்டதும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் மட்டும் நிற்காமல் உறுமியது. இது பல கம்பெனி மெஷின்களிலும் வருவதால் விளக்கிச் சொல்கிறேன். மெஷினின் அடியில் ஒரு தட்டு இருக்கிறது. அதில் ஒரு தெர்மோகோல் மிதவை. எங்காவது கசிந்து தட்டில் தண்ணீர் சேர்ந்தால் மிதவை எழும்பி ஒரு ஸ்விட்சைத் தட்டும். வீடு வெள்ளக்காடாகாமல் இருக்க மெஷின் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிடும். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடி, மெஷினைச் சற்றுச் சாய்த்துத் தட்டிலுள்ள தண்ணீரை வடித்தால் பல சமயம் உயிர் வந்துவிடும். கையால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தை யாராவது உள்ளே ஊற்றி, நுரை பொங்கி வழிந்திருந்தால் அதோடு பிரச்சினை தீர்ந்தது. வடித்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் உண்மையான கசிவு.

எங்களுக்கு உண்மையான கசிவு. கசிந்த இடம் ஹீட்டர் பம்ப். பழைய மாடல்களில் தொட்டியின் அடியில் ஹீட்டர் கம்பி வளைந்து கிடப்பது கண்ணுக்கே தெரியும். பம்ப் வேறு, ஹீட்டர் வேறு. இப்போது வரும் பல மெஷின்களில் ஹீட்டர் பம்புக்குள்ளேயே ஒட்டிப் பிறந்திருக்கிறது. குறைந்த தண்ணீரைச் சீக்கிரம் சூடாக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு ரப்பர் சீல் போனால்கூட ஹீட்டர், மோட்டார் எல்லாம் சேர்ந்த முழு உருப்படியையும் வாங்க வேண்டும். கூலியோடு சேர்த்துக் கேட்ட தொகை புது மெஷின் விலையில் பாதியை நெருங்கியது. அடித்தட்டின் ஒயர்களும் நனைந்து பச்சை பூத்திருந்தன. ரிலேக்குச் செலவழித்தது சரி, இதற்குச் செலவழிப்பது வீண் என்று முடிவெடுத்தோம். என் கணக்கு எளிது: மெஷினுக்கு ஐந்து வயது தாண்டி, ரிப்பேர் செலவும் புது விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விட்டுவிடலாம். ஒற்றைக் கோளாறு, மலிவான பாகம் என்றால் பத்து வயதானாலும் ரிப்பேர் பார்க்கலாம்.

இனி மாமியாரின் மிக்சி. அதற்குள் இருப்பது ஒரு மோட்டார், ஒரு ஸ்விட்ச், கார்பன் பிரஷ். எந்தத் தெருமுனைக் கடையிலும் பிரஷ் மாற்றித் தருவார்கள். அதனால்தான் நீடிக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் வாங்கிச் சீக்கிரமே செத்துப்போன மிக்சிகளும் இருந்தன. அவை காயலான் கடைக்குப் போய்விட்டதால் இன்று சாட்சி சொல்ல வருவதில்லை. தவிர, டிஷ்வாஷர் ஒரு நடை பாத்திரத்தைச் சுமார் பத்துப் பன்னிரண்டு லிட்டரில் கழுவி முடிப்பது அந்தப் போர்டின் தயவில்தான். சென்சார் உள்ள மாடலில், தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்த்து இன்னொரு முறை தண்ணீர் பிடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அதுதான். போர்டே வேண்டாம் என்றால் இந்தச் சிக்கனமும் கிடைக்காது. நமக்கு வேண்டியது போர்டு கெட்டால் கட்டுப்படியாகும் விலையில் இன்னொன்று கிடைப்பது.

புது மெஷின் பார்க்கக் கடை கடையாக ஏறியபோது வாரண்டி அட்டைகளைத்தான் முதலில் படித்தேன். ஒரே பாட்டுத்தான் எங்கும். உள்தொட்டி துருப்பிடித்து ஓட்டை விழாது என்பதற்குப் பத்து வருட உத்தரவாதம், கொட்டை எழுத்தில். மொத்த மெஷினுக்கு இரண்டு வருடம், பொடி எழுத்தில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி ஓட்டையாகி யாராவது டிஷ்வாஷரைத் தூக்கிப்போட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஃபிரிட்ஜுக்குக் கம்ப்ரசர், வாஷிங் மெஷினுக்கு மோட்டார் என்று இதே கதைதான். எது கெடாதோ அதற்கு நீண்ட உத்தரவாதம். அதிலும் பாகத்துக்கு மட்டும்தான். கூலி, கேஸ், போர்டு எல்லாம் நம் செலவு. இன்னும் கீழே படித்தால் "வோல்டேஜ் ஏற்ற இறக்கம், எலி, பல்லி, பூச்சியால் வரும் சேதம் சேராது" என்று இருக்கும். நம்மூரில் போர்டைக் கொல்வதே அவைதானே!

அதனால் கடைக்காரரிடம் தள்ளுபடி கேட்பதற்கு முன், மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு போன் போடுங்கள். "இந்த மாடலுக்கு மெயின் போர்டு என்ன விலை? ஹீட்டர் பம்ப் என்ன விலை? சென்னையில் ஸ்டாக் இருக்கா, வெளியூரிலிருந்து வரணுமா?" இந்த மூன்று கேள்விக்கு வரும் பதில், ஷோரூமில் ஒரு மணி நேரம் கேட்கும் விளக்கத்தைவிட மேல். நான் கேட்ட ஒரு கம்பெனியில் விலை சொல்லவே மறுத்தார்கள். அந்த மாடல் அங்கேயே பட்டியலிலிருந்து வெளியே போனது. எக்ஸ்டெண்டட் வாரண்டி விஷயத்திலும் இதேதான்: போர்டும் பம்பும் அதில் சேரும் என்று எழுத்தில் இருந்தால் எடுக்கலாம். "பிளாஸ்டிக், ரப்பர், எலக்ட்ரானிக் பாகங்கள் நீங்கலாக" என்றால் பாக்கியிருப்பது தகரம்தான். வைஃபை வசதிக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். பாத்திரத்தை அடுக்க எப்படியும் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும்.

டிஷ்வாஷருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நாங்கள் வாங்கியது அதற்குப் பிறகு என்பதால் கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சம் அப்படியே ஸ்டெபிலைசருக்குப் போனது. ஃபிரிட்ஜுக்கு வைக்கும் சின்ன ஸ்டெபிலைசர் இந்த லோடைத் தாங்காது. மெஷினின் வாட் அளவைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் நேராகச் சுவரில் இருக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய அபார்ட்மென்ட்களில் எர்த் குழி காய்ந்து கிடப்பது சகஜம். பின்பக்க, அடிப்பக்க இடைவெளியில் கொசுவலை மாதிரி நைலான் வலையைத் தளர்வாக ஒட்டியிருக்கிறோம். வெதுவெதுப்பான போர்டைத் தேடிப் பல்லி வரும். இரண்டு ஈயப் புள்ளிகளைச் சேர்த்து மிதித்தால் அதுவும் காலி, போர்டும் காலி.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியில்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். சென்னையில் பல போர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அதற்காகவே மெஷினுக்குள் ஒரு ரெசின் வடிகட்டி இருக்கிறது. தண்ணீரிலுள்ள கால்சியத்தை அது பிடித்துக்கொள்ளும். பிடித்ததைக் கழுவிவிட உப்பு வேண்டும். அதற்கென விற்கும் கல் உப்பைத்தான் போட வேண்டும். அயோடின் கலந்த தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்த்த பொருள்கள் ரெசினைக் கெடுக்கும். உப்பு போட்டால் மட்டும் போதாது. தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப மெஷினில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். பலர் வீட்டில் அது கம்பெனி வைத்துக் கொடுத்த இடத்திலேயே இருக்கிறது. கூடவே வரும் சோதனைத் தாளை நனைத்து, மாறும் நிறத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். கோடையில் லாரித் தண்ணீர் வர ஆரம்பித்ததும் இன்னொரு முறை பாருங்கள். கண்ணாடி டம்ளரில் வெள்ளைப் படலம் தெரிந்தால் ஹீட்டரிலும் அது படிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மேல்மாடிக்காரர்கள் கவனிக்க: பல மெஷின்களுக்குக் குறைந்தது அரை பார் தண்ணீர் அழுத்தம் வேண்டும். அதாவது தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிடச் சுமார் 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தலைக்கு மேலேயே தொட்டி உள்ள கடைசி மாடியில் அது கிடைக்காது. தண்ணீர் வரவில்லை என்று மெஷின் கத்தும்போது மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை, சின்ன பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் கத்தினால் தண்ணீர்க் குழாய் மெஷினில் சேரும் இடத்து வலையைக் கழற்றிப் பாருங்கள். லாரி மணல் உட்கார்ந்திருக்கும், பழைய டூத் பிரஷ் போதும். வெளியேற்றும் பம்ப் அடைபட்டால் நம் வீடுகளில் முதல் குற்றவாளி எலுமிச்சை விதை.

பில்லை வாங்கியதும் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். தெர்மல் பேப்பரில் அடித்த எழுத்து வாரண்டிக்கு முன்னாலேயே மறைந்துவிடும். கதவின் ஓரத்தில் மாடல் நம்பர், சீரியல் நம்பர் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் போனில் படம் பிடித்து வையுங்கள். சர்வீஸ் சென்டர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் சில கம்பெனிகளின் வாரண்டி, உதிரிபாக விவரங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் உதிரிபாகம் கிடைப்பதை 2021 மார்ச்சிலிருந்தே சட்டமாக வைத்திருக்கிறது. ஒரு டிஷ்வாஷர் மாடலின் விற்பனை நின்ற பிறகும் பம்ப், ஹீட்டர், போர்டு போன்றவை பழுதுபார்ப்போருக்குக் குறைந்தது 7 வருடம் கிடைக்க வேண்டும். கதவு ரப்பர், தண்ணீர் பீச்சும் கைகள், கூடைகள் 10 வருடம். கேட்டால் 15 வேலை நாளுக்குள் அனுப்பவும் வேண்டும். அதே கம்பெனிகள் சிலதான் இங்கும் விற்கின்றன. இங்கே அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை, தளம் மட்டும் இருக்கிறது.

பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் கேட்டார்கள். சொற்பத் தொகை, அதிலும் எல்லா பாகமும் உள்ளே இருக்க வேண்டும் என்று நிபந்தனை. ரிலே மாற்றிய போர்டும், கீழ்க்கூடையும், தண்ணீர் பீச்சும் கைகளும் இன்னும் நல்ல நிலையில் இருந்தன. அவற்றைக் கழற்றி ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணனிடமே கொடுத்துவிட்டோம். அதே மாடலுக்கு மாதம் ஒருவராவது போர்டு கேட்டு வருகிறார்களாம். மீதி உடம்பு பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரின் வண்டியில் போனது.