தண்ணி ஊத்தித் தூக்கிப் பாருங்க

எங்கள் வீட்டு டில்டிங் கிரைண்டர் 1991-இல் வந்தது. போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு நின்றுபோனது. அறிகுறி முன்பே இருந்தது. உளுந்து மாவில் நடுத்தண்டைச் சுற்றிக் கருப்பாக ஒரு கோடு, ஓடும்போது கரகரச் சத்தம். பெல்ட்டில்தான் கோளாறு என்று நானாக முடிவு கட்டி மூன்று தடவை பெல்ட் மாற்றினேன். வீண் செலவு. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, "காயில் கட்டித் தர்றனுங்கம்மா. ஆனா பேரிங்கும் போச்சு, கல்லும் மொழுக்குன்னு ஆயிருச்சு. எதுக்குங்க?" என்றார்.

"மிக்ஸியிலயே அரைச்சுக்கலாமே" என்றான் மகன். பிளேடு சுற்றுகிற வேகத்தில் உளுந்து சூடாகிவிடும், கிரைண்டரில் பொங்குகிற மாதிரி பொங்காது. கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கின கோயமுத்தூரில் இருந்துகொண்டு மிக்ஸியில் இட்லி மாவா?

அவசரத்தில் 2 லிட்டர் டேபிள் டாப் ஒன்றைப் போனிலேயே வரவழைத்தோம். அங்கேதான் சறுக்கினேன். ஆறு பேருக்கு அரைத்த கணக்கு மனசிலிருந்து போகவில்லை. இப்போது நானும் இவரும் மட்டும். இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் உளுந்து போட்டால் அந்தப் பெரிய பாத்திரத்தில் பாதி ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது, குழவிக்குச் சிக்குவதே இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, அடிக்கல்லோடு சேர்ந்த பாத்திரத்தைத் தூக்குவது. டில்டிங்கில் சாய்த்தால் மாவு தானே இறங்கும். இதில் தூக்கித்தான் கவிழ்க்க வேண்டும். 68 வயசு மணிக்கட்டு மூன்றாவது வாரமே கைவிட்டது. மாவெல்லாம் தரையில். நல்லவேளை, கால்மேல் விழவில்லை.

அதை நாத்தனார் மருமகளுக்குக் கொடுத்துவிட்டு நேரில் கடைக்குப் போனேன். வாட்ஸ், வாரண்டி எல்லாம் அப்புறம். "பாத்திரத்துல தண்ணி ஊத்துங்க தம்பி, தூக்கிப் பாக்கணும்" என்றேன். பையன் சிரித்தான், ஆனாலும் ஊற்றினான். வலது கை, இடது கை, இரண்டும் சேர்த்து. சுவிட்சையும் ஈரக்கையாலேயே திருகிப் பார்த்தேன் (பிளக் போடாமல்தான்). சிலதில் திருகுக் குமிழ் மூட்டுவலிக்காரர்களுக்கு ஆகாத இறுக்கம். 1.25 லிட்டர் கைக்கு அடங்கியது, அதையே வாங்கினேன். தூக்கவே முடியாதவர்களுக்கு டேபிள் டாப்பிலேயே சாய்க்கிற மாடல் உண்டு. ஆனால் மேடை இடுப்புக்கு மேல் இருந்தால் அதைச் சாய்த்து வழிப்பது சிரமம். வீட்டு மேடையை அளந்துகொண்டு போங்கள்.

புதுக் கல்லில் ஊறவைத்த அரிசியை இரண்டு தடவை அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் முதல் மாவு. இப்போதெல்லாம் முக்கால்வாசி மாவைக் கரண்டியால் வழித்த பிறகே பாத்திரத்தைத் தொடுகிறேன். கிரைண்டர் பிளக் பக்கத்திலேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. எடுத்து வைக்கிற வேலையே இல்லை.

பழசைக் காயலான்கடைக்காரர் தூக்கிப் போனார். குழவியை மட்டும் கொடுக்கவில்லை. ஆடிக்காற்றுக்குப் பின்கதவு அடித்துக்கொள்ளாமல் அதுதான் முட்டுக் கொடுக்கிறது.