பெயர் ஒன்று, பொருள் பல

பால் நிறுக்கும் கொட்டகையில் நாம் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. இருவர் கொண்டுவரும் வாளிகள் ஒரே அளவில் நிறைந்திருக்கும். ஆயினும் பாலிலுள்ள உலர் ரப்பரின் அளவைச் சோதித்தபின் கணக்கு வேறுபடும். மழைநீர் கலந்த பாலும் வாளியை நிரப்பும் அன்றோ? பொருளாதார முறைகளுக்கு நாடுகள் சூட்டும் பெயர்களும் அத்தகையனவே.

'சமதர்மம்' அல்லது 'சோசலிசம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். முன்னாள் சோவியத் நாட்டில், நிலமும் தொழிற்சாலையும் அரசுடைமை என்பதே அதன் பொருள். இந்தியாவிலோ அச்சொல் வேறு பொருள் பெற்றது. 1955 ஜனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்மப் பாணிச் சமுதாயமே தன் இலக்கு என அறிவித்தது. 1976-இல் அரசியல் சட்டத்தின் முகவுரையிலும் அச்சொல் சேர்க்கப்பட்டது. ஆயினும் வயல்கள் உழவரிடமே இருந்தன. தனியார் ஆலைகளும் இயங்கின. முக்கியத் தொழில்களை அரசு நடத்தி, ஏனையவற்றை ஒழுங்குபடுத்துவதே அங்குக் கொள்ளப்பட்ட பொருள்.

இலங்கை 1978-இல் தன் பெயரிலேயே 'சோசலிசக் குடியரசு' எனச் சேர்த்துக்கொண்டது. வியப்பு யாதெனில், அதற்கு முந்திய ஆண்டில்தான் அந்நாடு தன் சந்தையை வெளிநாட்டுப் பொருள்களுக்குத் திறந்துவிட்டது. அங்குள்ள பெருந்தோட்டங்கள் 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாயின. உரிமையாளர் மாறினார், தொழிலாளரோ அதே லயத்தில் வாழ்ந்து, கூலிக்கே உழைத்தனர். அவர்களுள் பலருக்கு அன்று குடியுரிமையும் இல்லை. 1992-இல் தோட்ட நிர்வாகம் தனியார் நிறுவனங்களிடம் சென்றது. நாட்டின் பெயர் மட்டும் மாறவில்லை.

நம் மலேசியா தன்னைச் சமதர்ம நாடு என அழைத்துக்கொண்டதில்லை. எனினும் 1981 செப்டம்பர் 7 அன்று, நெகிரி செம்பிலானிலும் தோட்டங்களைக் கொண்டிருந்த கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை, நம் அரசு அமைத்த பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் விலை கொடுத்து வாங்கியது. பிரிட்டனில் சிலர் அதனை 'நாட்டுடைமை' என்றனர். நாமோ சந்தை விதிப்படி நடந்த கொள்முதல் என்றோம். செயல் ஒன்று, பெயர் இரண்டு!

அதற்கு முன்பே நம்மவர் கண்ட வழி ஒன்றும் உண்டு. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குப் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அவற்றின் உரிமை அரசுக்கும் உரியதன்று; தனி முதலாளிக்கும் உரியதன்று; உறுப்பினர்க்கே உரியது.

ஆகவே, ஒரு முறையின் பெயரைக் கேட்டவுடன் மகிழவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. மூன்று வினாக்களை எழுப்புவோம்:

1. நிலம் யாருக்கு உரியது?
2. கூலியை யார், எவ்வாறு நிர்ணயிக்கின்றனர்?
3. இலாபம் யாரைச் சேர்கின்றது?

இவ்வினாக்களை நம் தோட்டத்திலிருந்தே தொடங்கலாம். தொழிற்சங்கமும் உரிமையாளர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். 2013 முதல் நடப்பிலுள்ள குறைந்தபட்சச் சம்பள முறையையும் அறிந்துகொள்ளுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பெயர்ப் பலகையும் அவ்வாறே.