காப்ரித் தீவு

இத்தாலி நாட்டின் மேற்குக் கரையில் நேப்பிள்ஸ் வளைகுடா அமைந்துள்ளது. அதன் தென்பால், மத்தியதரைக் கடலின் நீல நீரிடையே, சுண்ணாம்புப் பாறையாலான சிறு தீவு ஒன்று செங்குத்தாக எழுந்து நிற்கின்றது. அதுவே காப்ரி. அதன் பரப்பு ஏறத்தாழ 10 சதுரக் கிலோமீட்டரே. ஆயினும், இரண்டாயிரம் ஆண்டுகளாக ஓய்வை நாடுவோரின் உள்ளத்தை அது கவர்ந்து வருகின்றது. பேரரசர் ஒருவர் அங்கு மாளிகை அமைத்தார். பிற்காலத்தில் மருத்துவர் ஒருவர் இல்லம் அமைத்தார். அவ்விரு மனைகளும் இன்றும் காண்போரின் கருத்தை ஈர்க்கின்றன.

உரோமப் பேரரசர் அகஸ்டஸ் இத்தீவின் எழிலில் ஈடுபட்டார். இதனினும் பெரியதான இஸ்கியாத் தீவை நேப்பிள்ஸ் நகரத்தார்க்குக் கொடுத்து, கி.மு. 29-இல் இதனைப் பெற்றார். அவருக்குப்பின் அரியணை ஏறிய டைபீரியஸ், முதுமையில் தலைநகரை விட்டு நீங்கித் தம் ஆட்சியின் இறுதிப் பத்தாண்டுகளை இங்கிருந்தே நடத்தினார். தீவின் கிழக்கு முனையில், கடல்மட்டத்திற்குமேல் 334 மீட்டர் உயரத்தில் அவருடைய ஜோவிஸ் மாளிகை இருந்தது. தீவில் நீரூற்றுகள் மிகக் குறைவு. ஆதலின், மழைநீரைத் தேக்கும் பெருந்தொட்டிகளை மாளிகையின் நடுவே கட்டியிருந்தனர். மண்மூடிக் கிடந்த அம்மாளிகையை 1932-இல் தொல்பொருள் அறிஞர் மயூரி அகழ்ந்து வெளிப்படுத்தினார்.

தென்கிழக்குக் கரையை அடுத்துக் கடலில் மூன்று பெரும்பாறைகள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றைப் பாராலியோனி என்பர். நடுப்பாறையை அலைகள் குடைந்து வாயில் போல் ஆக்கியுள்ளன. அதனூடே படகுகள் செல்லும். கரைக்கு எட்டியுள்ள பாறையில் நீல நிறப் பல்லியினம் ஒன்று வாழ்கின்றது.

வடமேற்குக் கரையில் உள்ளது நீலக் குகை. அதன் வாயில் நீர்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமே உடையது. படகில் செல்வோர் மல்லாந்து படுத்தே உட்புக வேண்டும். உள்ளே சென்றதும் நீர் முழுவதும் நீல ஒளியாய்ச் சுடர்விடக் காணலாம். வாயிலுக்கடியில், நீருக்குள் மற்றொரு பெருந்திறப்பு உண்டு. கதிரவன் ஒளி அதன் வழியே கடல்நீரை ஊடுருவி வருகின்றது. அவ்வொளியிலுள்ள செந்நிறத்தை நீர் உட்கொண்டுவிட, நீலமே எஞ்சி உள்ளே பரவுகின்றது. பேய்கள் உறையும் இடமென்று மீனவர்கள் இக்குகையை நெடுங்காலம் அஞ்சி ஒதுக்கினர். 1826-இல் செர்மானியக் கவிஞர் கோப்பிஷ் உள்ளூர் மீனவர் ஒருவரின் துணையுடன் அதனுட் புகுந்தார். அவர் எழுதியதனால் அதன் புகழ் எங்கும் பரவியது. 1964-இல் அதன் அடித்தளத்தினின்று உரோமர் காலச் சிலைகள் எடுக்கப்பட்டன.

தீவின் மேட்டுப்பகுதியில் அனகாப்ரி என்னும் ஊர் உள்ளது. வண்டிப்பாதை அமைவதற்குமுன், துறைமுகத்திலிருந்து அவ்வூர்க்குச் செல்லப் பாறையில் வெட்டிய 900-க்கும் மேற்பட்ட படிகளே வழி. அப்படிகளின் உச்சியில் சான் மிக்கேலே இல்லம் நிற்கின்றது. அதனை எழுப்பியவர் சுவீடன் நாட்டு மருத்துவர் அக்செல் முந்தே (1857–1949). 1884-இல் நேப்பிள்ஸ் நகரில் வாந்திபேதி பரவியபோது நோயாளர்க்குத் தொண்டு செய்தவர் அவர். பழைய உரோம மனை ஒன்றின் இடிபாட்டின்மீது, வெயிலும் காற்றும் தடையின்றி உலவுமாறு அவர் தம் இல்லத்தைக் கட்டினார். அங்கிருந்து நோக்கின் வளைகுடாவும் விசுவியஸ் எரிமலையும் ஒருங்கே தோன்றும்.

அவ்வில்லத்திற்குமேல் பார்பரோசா மலை உள்ளது. இளவேனிலில் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வடக்கே செல்லும் காடைகள், களைத்து அம்மலைமேல் இறங்கும். வேடர்கள் வலைவிரித்து அவற்றைத் திரள்திரளாய்ப் பிடித்தனர். ஊசியால் கண்கள் குத்தப்பட்ட காடைகளைக் கூண்டிலிட்டு, அவற்றின் ஓயாத கூவலால் பிற பறவைகளை வலைக்கு ஈர்த்தனர். இக்கொடுமையைக் காணப்பொறாத முந்தே, அம்மலையையே விலைக்கு வாங்கிப் பறவைகளின் புகலிடமாக்கினார்.

நாளடைவில் முந்தேயின் பார்வை குன்றியது. அவர் விரும்பிக் கட்டிய வீட்டின் வெயிலொளியையே அவர் கண்கள் தாங்கவில்லை. அதனால் தீவிலேயே நிழல் மிகுந்த பழைய கோபுரம் ஒன்றில் சென்று தங்கினார். தம் இல்லத்தின் கதையை நூலாக எழுதி, 1929-இல் வெளியிட்டார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. தம் இல்லத்தையும் மலையையும் சுவீடன் நாட்டிற்கே உரிமையாக்கி மறைந்தார்.

இன்று டைபீரியசின் மாளிகையில் வெறுஞ்சுவர்களே எஞ்சியுள்ளன. பார்பரோசா மலையிலோ, ஆய்வாளர்கள் பறவைகளைப் பிடித்துக் கால்களில் சிறு வளையமிட்டு மீண்டும் பறக்க விடுகின்றனர். தனக்கெனத் தேடிய செல்வத்தைப் பிற உயிர்க்கும் உரியதாக்குபவரின் பெயரே காலத்தால் அழியாது நிற்கும் என்பதனை அம்மலை உணர்த்துகின்றது.